தட்டு கழுவும் எந்திரம் செய்த சீமாட்டி

விருந்து எவ்வளவு பெரியதாக இருந்தாலும், கடைசியில் மிஞ்சுவது எச்சில் தட்டுதான்.

சமைப்பதற்கு நாலு பேர் கை கொடுப்பார்கள். சாப்பிடுவதற்கு நாற்பது பேர் வருவார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவ யார் வருவார்கள்? அந்த வேலை வீட்டுப் பெண்ணின் தலையில் விழும். அல்லது வேலைக்காரியின் தலையில் விழும். உலகம் முழுவதும் இதுதான் வழக்கம்.

இந்த வேலையை ஓர் எந்திரத்தின் தலையில் கட்டியவர், ஒரு பெண்மணி. அவர் பெயர் ஜோசபின் காக்ரேன். அமெரிக்க நாட்டுக்காரர். மாளிகையில் வாழ்ந்த சீமாட்டி. எந்திரத் தொழிலை முறையாகப் படித்தவர் அல்ல.

கணவர் கடனை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அப்போது ஜோசபினுக்கு வயது 44. அந்த வயதில் அவர் சுத்தியும் கம்பியும் கொண்டு வேலை தொடங்கினார். இன்று கோடிக்கணக்கான வீடுகளில் ஓடும் தட்டு கழுவும் எந்திரத்துக்கு வழி காட்டினார்.

அந்த அம்மையாரின் கதை இது.

ஆலை கட்டியவர் மகள்

அமெரிக்காவில் ஒஹையோ என்று ஒரு மாநிலம். அங்கே ஆஷ்டபுலா என்னும் வட்டாரத்தில், 1839ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ந் தேதி ஜோசபின் பிறந்தார்.

தந்தையின் பெயர் ஜான் காரிஸ். அவர் ஓர் என்ஜினீயர். ஒஹையோ ஆற்றங்கரையில் கம்பளி ஆலைகள், மர அறுவை ஆலைகள், மாவு ஆலைகள் ஆகியவற்றை மேற்பார்வை செய்தவர். சக்கரம் சுழல்வதும், தண்ணீர் பாய்வதும், விசை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குப் போவதும் அந்த வீட்டில் தினமும் பேசப்படும் சமாசாரங்கள்.

தாயாரின் வம்சமும் சாதாரணமானது அல்ல. ஜான் பிட்ச் என்ற புகழ் பெற்றவர் அந்த வம்சத்தில் வந்தவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்காவில் முதன் முதலில் நீராவிப் படகு ஓட்டினார். 1787ஆம் ஆண்டு டெலவேர் ஆற்றில் தமது படகை ஓட்டிக் காட்டினார். 1790ஆம் ஆண்டு பயணிகளையும் ஏற்றிச் சென்றார்.

ஆனால், பாவம்! படகு ஓடியது. தொழில் ஓடவில்லை. கையில் முதல் இல்லை, ஆதரிப்பார் போதவில்லை. 1798ஆம் ஆண்டு அவர் வறுமையிலேயே உயிர் துறந்தார். சில ஆண்டுகள் கழித்து ராபர்ட் புல்டன் என்பவர் நீராவிப் படகை லாபகரமாக ஓட்டிப் பெயரும் பணமும் பெற்றார்.

ஒரு பொருளைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. அதை விற்கவும் தெரிய வேண்டும். பிட்சின் வாழ்க்கை சொல்லும் பாடம் இது. அவருடைய வம்சத்தில் வந்த ஜோசபின், கண்டுபிடிக்கவும் செய்தார், விற்கவும் செய்தார்.

திருமணம்

ஜோசபின் இந்தியானா மாநிலத்தில் உள்ள வால்பரைசோ என்ற ஊரில் வளர்ந்தார். அங்கே ஒரு தனியார் பள்ளியில் படித்தார். அந்தப் பள்ளி தீப்பிடித்து எரிந்து போயிற்று. அதனால், இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற ஊரில் வாழ்ந்த அக்காள் வீட்டுக்கு அவரை அனுப்பி வைத்தார்கள்.

அந்த ஊரில்தான் வில்லியம் காக்ரனைச் சந்தித்தார். வில்லியம் ஒரு துணிச்சல்காரர். கலிபோர்னியாவில் மண்ணைத் தோண்டினால் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் ஓடிய காலம் அது. வில்லியமும் ஓடினார். தங்கம் கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து ஜவுளிக் கடை வைத்தார். மண்ணில் கிடைக்காத தங்கம், கடையில் கிடைத்தது. அரசியலிலும் ஈடுபட்டார். ஊர்ப் பிரமுகர் ஆனார்.

1858ஆம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நடந்தது. அப்போது மணப்பெண்ணுக்கு வயது 19. மாப்பிள்ளைக்கு 27.

கணவரின் குடும்பப் பெயர் காக்ரன். ஜோசபின் அதன் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்துக் காக்ரேன் என்று ஆக்கிக்கொண்டார். அப்படி எழுதினால் பெயர் கொஞ்சம் கம்பீரமாக இருக்கும் என்பது அவர் எண்ணம். எதையும் தம் விருப்பப்படி செய்து பார்க்கும் குணம் அப்போதே அவரிடம் இருந்தது.

இரண்டு குழந்தைகள் பிறந்தனர். மகன் ஹாலி 2 வயதிலேயே இறந்து போனான். மகள் காதரின் வளர்ந்தாள்.

பீங்கான் தட்டுகள்

1870ஆம் ஆண்டு அந்தக் குடும்பம் ஒரு மாளிகைக்குக் குடி போயிற்று. அங்கே அடிக்கடி விருந்து நடக்கும். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் வருவார்கள்.

விருந்தில் பரிமாற ஜோசபினிடம் அருமையான பீங்கான் தட்டுகள் இருந்தன. அவை பரம்பரைச் சொத்து. 1600களைச் சேர்ந்தவை என்று அந்தக் குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள்.

விருந்து முடிந்ததும் வேலைக்காரர்கள் அந்தத் தட்டுகளைத் தொட்டியில் போட்டுக் கழுவுவார்கள். ஒன்றோடொன்று மோதும். விளிம்பில் சில்லு பெயரும். நம் ஊரில் வெண்கலப் பானை விழுந்தால் நசுங்கும், தட்டி எடுத்துவிடலாம். பீங்கானில் சில்லு பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். பழைய தட்டு மறுபடி கிடைக்காது.

இனி இந்தத் தட்டுகளை யாரும் தொடக்கூடாது என்று ஜோசபின் சொல்லிவிட்டார். தாமே கழுவத் தொடங்கினார்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது, அது எப்படிப்பட்ட வேலை என்று! வெந்நீரில் கை ஊறும். சோப்பு வழுக்கும். தட்டு கை நழுவுமோ என்று பயம். ஒரு விருந்துத் தட்டுகளைக் கழுவி முடிக்கும்போது இடுப்பு ஒடிந்து போகும்.

அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. துணி தைக்க எந்திரம் வந்துவிட்டது. கதிர் அறுக்க எந்திரம் வந்துவிட்டது. தட்டு கழுவ மட்டும் ஏன் இல்லை?

கையில் இருந்த கோப்பையோடு வீட்டுப் புத்தக அறைக்குப் போய் உட்கார்ந்தாராம். அரை மணி நேரத்தில் எந்திரத்தின் அமைப்பு மனத்தில் உருவாகிவிட்டதாம். ஜோசபினைப் பற்றிச் சொல்வோர் இப்படிச் சொல்வார்கள்.

கடன்

இதுவரை படித்தால், பொழுது போகாத ஒரு பணக்காரி தன் தட்டுக்காகப் பட்ட கவலை என்றுதான் தோன்றும். அப்படியே இருந்திருந்தால், அந்த எண்ணம் புத்தக அறையோடு போயிருக்கும்.

1883ஆம் ஆண்டு வில்லியம் காக்ரன் காலமானார்.

துக்கத்தின் நடுவே கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது, ஜோசபினுக்கு இடி விழுந்தது போல் இருந்தது. ரொக்கமாக இருந்தது ஏறக்குறைய 1,500 டாலர்தான். அதற்கு மேல் கடன்.

மாளிகை இருந்தது. பீங்கான் தட்டு இருந்தது. ஆனால், சாப்பாட்டுக்கு வழி செய்ய வேண்டும். கடனை அடைக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட ஒரு விதவை என்ன செய்வாள்? உறவினர் வீட்டுக்குப் போய்விடுவாள். அல்லது வீட்டை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளுவாள். வியாபாரம் செய்வது பெரிய இடத்துப் பெண்களுக்கு அழகு அல்ல என்று நினைத்த காலம் அது.

ஜோசபின் வேறு முடிவு எடுத்தார். விளையாட்டாக நினைத்திருந்த எந்திரத்தை, வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்து முடிப்பது என்று தீர்மானித்தார்.

மரக் கொட்டகை

வீட்டின் பின்புறம் ஒரு மரக் கொட்டகை இருந்தது. அதுவே தொழிற்சாலை ஆயிற்று. இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரெயில்வேயில் வேலை பார்த்த ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக் துணைக்கு வந்தார்.

தட்டு கழுவ எந்திரம் செய்ய முயன்றவர்களில் ஜோசபின் முதல்வர் அல்ல. 1850ஆம் ஆண்டிலேயே ஜோயல் ஹவுட்டன் என்பவர் மரத்தால் ஒன்று செய்து, அதற்கு உரிமை பெற்றிருந்தார். கையால் சக்கரத்தைச் சுற்றினால், தட்டுகள் மேல் தண்ணீர் தெறிக்கும். அவ்வளவுதான். தட்டு நனையும், அழுக்குப் போகாது. பின்னால் வேறு சிலரும் முயன்றார்கள். ஒன்றும் சரியாக உதவவில்லை.

ஜோசபின் வேறு விதமாக யோசித்தார். மற்றவர்கள் எந்திரத்தில் இருந்து தொடங்கினார்கள். ஜோசபின் தட்டில் இருந்து தொடங்கினார்.

முதல் வேலையாக, தட்டு, கோப்பை, கோப்பைத் தட்டு எல்லாவற்றையும் அளந்தார். ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி கம்பியை வளைத்துத் தனித்தனி அறைகள் செய்தார். ஒரு தட்டு இன்னொரு தட்டின்மேல் மோத முடியாது. தட்டு உடைவதைப் பார்த்து வேதனைப்பட்டவருக்குத்தானே அந்த யோசனை வரும்!

அந்தக் கம்பி அறைகளை ஒரு சக்கரத்தைச் சுற்றிலும் பொருத்தினார். சக்கரத்தை ஒரு செம்புக் கொப்பரைக்குள் படுக்க வைத்தார். சக்கரம் சுழலும். கொப்பரையின் அடியில் இருந்து சோப்புக் கலந்த வெந்நீர் வேகமாகப் பீச்சி அடிக்கும். அது மேலே போய் மழைபோல் தட்டுகளின்மேல் கொட்டும். பிறகு சுத்தமான வெந்நீரால் அலசி எடுக்கலாம்.

தேய்ப்பதற்குத் துணியோ நாரோ இல்லை. தண்ணீரின் வேகமே தேய்த்துவிடும். அதுதான் ஜோசபின் செய்த புதுமை. இன்றும் தட்டு கழுவும் எந்திரங்கள் இந்த முறையில்தான் வேலை செய்கின்றன. தட்டைக் கம்பிக் கூட்டில் நிறுத்த வேண்டும். தண்ணீரை வேகமாக அடிக்க வேண்டும். 

இன்னொரு நன்மையும் இருந்தது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. எந்திரத்துக்கு அது கிடையாது. கை வைக்க முடியாத அளவு கொதிக்கும் நீரை ஊற்றலாம். கிருமி சாகும். தட்டு அந்தச் சூட்டிலேயே உலர்ந்து போகும். துணியால் துடைக்க வேண்டியது இல்லை.

ஆண்களின் பிடிவாதம்

வேலை எளிதாக நடக்கவில்லை. எந்திரத்தைச் செய்து தர வந்தவர்கள், ஜோசபின் சொன்னபடி செய்ய மறுத்தார்கள். எந்திரம் பற்றி ஒரு பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்தார்கள். தங்கள் இஷ்டப்படி செய்வார்கள். அது ஓடாது. அதற்கும் ஜோசபின்தான் பணம் கொடுக்க வேண்டும். கடைசியில், அவர் முதலில் சொன்னபடியே செய்வார்கள். அது ஓடும்.

இப்படி வீணான பணத்தைப் பற்றியும் நாட்களைப் பற்றியும் ஜோசபின் பிற்காலத்தில் மனம் நொந்து பேசியிருக்கிறார்.

1885ஆம் ஆண்டின் கடைசி நாளன்று அவர் சர்க்காருக்கு மனுச் செய்தார். ஒரு பொருளைக் கண்டுபிடித்தவரைத் தவிர வேறு யாரும் அதைச் செய்து விற்கக்கூடாது என்று சர்க்கார் உரிமை எழுதித் தருவது உண்டு. அதற்குப் பேட்டண்ட் என்று பெயர். 1886ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28ந் தேதி, ஜோசபினுக்கு அந்த உரிமை கிடைத்தது. அதன் எண் 3,55,139.

அப்போது அவருக்கு வயது 47.

ஓட்டல் படி ஏறினார்

எந்திரம் தயார். வாங்குவதற்கு ஆள் வேண்டுமே!

ஷெல்பிவில்லில் இருந்து சுமார் 200 மைல் தூரத்தில் சிகாகோ நகரம் இருக்கிறது. அந்த நகரத்தின் பெரிய ஓட்டல்களில் தினமும் ஆயிரக்கணக்கான தட்டுகள் எச்சில் ஆகும். அங்கே போனால் விற்கலாம் என்று ஜோசபின் கணக்குப் போட்டார்.

பால்மர் ஹவுஸ் என்பது அங்கே பெயர் பெற்ற ஓட்டல். தெரிந்தவர் ஒருவரின் அறிமுகத்தால், அங்கே விற்பனை நடந்தது. அடுத்தது ஷெர்மன் ஹவுஸ். அங்கே அறிமுகம் செய்து வைக்க ஒருவரும் இல்லை. தனியாகத்தான் போக வேண்டும்.

இன்று இது ஒரு பெரிய காரியமாகத் தோன்றாது. அந்தக் காலத்தில் கௌரவமான குடும்பத்துப் பெண், தந்தையோ கணவரோ துணைக்கு இல்லாமல் ஓட்டலுக்குள் காலடி வைக்கமாட்டாள். ஜோசபின் அதுவரை அப்படிப் போனதே இல்லை.

ஓட்டலின் முன்கூடத்தில் நுழைந்தார். கால் நடுங்கிற்று. அந்தக் கூடம் ஒரு மைல் நீளம் இருப்பதுபோல் தோன்றியது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் மயங்கி விழுந்துவிடுவோமோ என்று பயந்தார். ஆனால், விழவில்லை. மானேஜரைப் பார்த்தார். எந்திரத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார். 800 டாலருக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

எந்திரம் செய்ததைவிட அந்தக் கூடத்தைக் கடந்ததே தமக்குக் கடினமாக இருந்தது என்று அவர் கருதினார்.

முதல் போட்டுத் தொழிலை விரிவாக்கப் பணக்காரர்கள் சிலர் முன்வந்தார்கள். ஆனால், ஒரு நிபந்தனை போட்டார்கள். ஜோசபின் விலகிக்கொண்டு, நிர்வாகத்தை ஆண்களிடம் விட்டுவிட வேண்டுமாம்! அவர் சம்மதிக்கவில்லை. வந்த பணத்தைக் கொண்டே மெல்ல மெல்லத் தொழிலை வளர்த்தார். பிறந்த வீட்டுப் பெயரையும் புகுந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து, காரிஸ்-காக்ரன் என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார்.

ஓட்டல்களுக்கான பெரிய எந்திரங்கள் நீராவி விசையால் ஓடின. அளவுக்கு ஏற்றபடி 60 தட்டுகள் முதல் 240 தட்டுகள் வரை 2 நிமிட நேரத்தில் கழுவி உலர்த்தித் தந்தன. தட்டு உடைவதும் குறைந்தது. ஓட்டல் முதலாளிகளுக்கு அது லாபக் கணக்கு.

சிகாகோ பொருட்காட்சி

1893ஆம் ஆண்டு சிகாகோ நகரத்தில் ஓர் உலகப் பொருட்காட்சி நடந்தது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாட நடந்த காட்சி அது.

அந்தப் பொருட்காட்சியை நம் நாட்டவர் எளிதில் மறக்கமாட்டார்கள். அதையொட்டி நடந்த சர்வமத மகாசபையில்தான், சுவாமி விவேகானந்தர் பேசி உலகப் புகழ் பெற்றார். அவரை அங்கே அனுப்பி வைப்பதற்குச் சென்னை இளைஞர்களும் ராமநாதபுரம் சேதுபதி மன்னரும் உதவியது நம் மாநிலத்துக்குப் பெருமை.

மே மாதம் முதல் அக்டோபர் மாதம் வரை நடந்த அந்தக் காட்சிக்கு 2 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். வந்தவர்களுக்குப் பசிக்காதா? உணவு விடுதிகள் ஏராளமாக இருந்தன. அங்கே குவிந்த தட்டுகளைக் கழுவியவை, ஜோசபினின் எந்திரங்கள். 9 எந்திரங்கள் அங்கே ஓடின.

எந்திர மண்டபத்திலும் அவருடைய எந்திரம் காட்சிக்கு வைக்கப்பட்டது. நல்ல அமைப்பு, நெடுநாள் உழைப்பு, செய்யும் வேலைக்கு ஏற்ற பொருத்தம் ஆகியவற்றுக்காக அதற்குப் பரிசு கிடைத்தது.

பத்தாண்டுகளுக்கு முன்பு கடன் கணக்கைப் பார்த்துத் திகைத்து நின்ற விதவைக்கு, உலகம் கூடிய இடத்தில் பரிசு! அதன் பிறகு ஓட்டல்களில் இருந்தும் உணவு விடுதிகளில் இருந்தும் ஆர்டர்கள் வந்தன. கிருமி ஒழிய வேண்டும் என்று ஆஸ்பத்திரிகளும் வாங்கின. கல்லூரி விடுதிகளும் வாங்கின.

வீட்டுக்குள் நுழையவில்லை

இவ்வளவு வெற்றியிலும் ஜோசபினுக்கு ஒரு குறை இருந்தது.

அவர் எந்திரம் செய்ய நினைத்தது யாருக்காக? அடுக்களையில் அல்லல்படும் பெண்களுக்காக. வாங்கியவர்கள் யார்? ஓட்டல்காரர்கள். வீட்டுக்காகவும் அவர் எந்திரம் செய்து பார்த்தார். வீடுகளில் அது விலை போகவில்லை.

ஏன் போகவில்லை?

முதல் காரணம், வெந்நீர். எந்திரத்துக்கு நிறைய வெந்நீர் வேண்டும். அக்கால வீடுகளில் இருந்த வெந்நீர்க் கொதிகலன் சிறியது. அவ்வளவு நீரைக் காய்ச்சித் தர அதனால் முடியாது.

இரண்டாவது காரணம், உப்புத் தண்ணீர். பல ஊர்களில் தண்ணீர் கடுமையாக இருந்தது. அதில் சோப்பு நுரைக்காது. நம் ஊரில் உப்புக் கிணற்று நீரில் துணி துவைத்தவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும்.

மூன்றாவது காரணம், சில பெண்களே அதை விரும்பவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தாரோடு பேசிக்கொண்டே தட்டு கழுவுவது தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றார்கள்.

நான்காவது காரணம்தான் ஜோசபினை மிகவும் யோசிக்க வைத்தது. அது, விலை.

அடுக்களைக்கு 75 டாலர், 100 டாலர் கொடுத்து ஓர் எந்திரம் வாங்கலாம் என்றால், அந்தப் பணத்தில் வேறு என்னென்ன வாங்கலாம் என்று பெண் உடனே கணக்குப் போடுகிறாள். தட்டு கழுவுவது அவளுக்குப் பிடிக்காத வேலைதான். ஆனாலும் தன் நேரத்துக்கும் தன் உடல் சுகத்துக்கும் ஒரு விலை உண்டு என்று எண்ணி அவளுக்குப் பழக்கம் இல்லை. தன் அலுவலகத்துக்குப் புது எந்திரங்கள் வாங்கத் தயங்காத கணவனும், அடுக்களை என்றதும் கையை இழுத்துக்கொள்கிறான். ஜோசபின் தம் கடைசிக் காலத்தில் இதை வெளிப்படையாகவே சொன்னார்.

ஓட்டல் முதலாளிக்கு இந்தக் குழப்பம் கிடையாது. தட்டு கழுவும் ஆளுக்கு அவர் கூலி கொடுக்கிறார். ஆகவே, அந்த வேலையின் விலை அவருக்குத் தெரியும். வீட்டில் அந்த வேலைக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத வேலையை மிச்சப்படுத்த யார் பணம் செலவழிப்பார்கள்?

சொந்தத் தொழிற்சாலை

தொடக்கத்தில் ஜோசபின் மற்ற கம்பெனிகளிடம் கொடுத்துத்தான் எந்திரங்களைச் செய்து வாங்கினார். 1890களின் இறுதியில், பழைய பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். மரக் கொட்டகையில் துணை நின்ற ஜார்ஜ் பட்டர்ஸ், அங்கே தலைமைப் பொறுப்பு ஏற்றார். கம்பெனிக்குக் கிரசன்ட் என்று புதுப் பெயர் வந்தது. பிறை என்பது அதன் பொருள்.

எந்திரங்கள் வடக்கே அலாஸ்கா முதல் தெற்கே மெக்சிகோ வரை சென்றன.

முதலாளி ஆன பிறகும் ஜோசபின் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை. 70 வயதைத் தாண்டிய பிறகும் ரெயிலில் பிரயாணம் செய்து, நியூயார்க் நகரம் வரை போய் எந்திரம் விற்றார். ஷெர்மன் ஹவுஸ் கூடத்தில் கால் நடுங்கியவர், அப்போது எந்த ஓட்டலின் வாசலிலும் தயங்கவில்லை.

1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சிகாகோவில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 74. ஷெல்பிவில் ஊரில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

தாம் செய்த எந்திரம் சாதாரணக் குடும்பங்களின் அடுக்களைக்குள் நுழைந்ததைப் பார்க்க, அவர் உயிரோடு இல்லை.

நுழைந்தது எப்போது?

1926ஆம் ஆண்டு ஜோசபினின் கம்பெனியை ஹோபர்ட் என்ற கம்பெனி வாங்கியது. ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில் சமையல் எந்திரங்கள் செய்து வந்த கம்பெனி அது. ஜோசபின் பிறந்த மாநிலத்துக்கே அவருடைய எந்திரம் போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம்.

1949ஆம் ஆண்டு ஹோபர்ட் கம்பெனி, கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டுக்கான தட்டு கழுவும் எந்திரத்தை வெளியிட்டது. அதற்குள் காலம் மாறியிருந்தது. வீடுகளில் மின்சாரம் வந்திருந்தது. குழாயில் வெந்நீர் வந்தது. உப்புத் தண்ணீரிலும் அழுக்கை எடுக்கும் தூள் வந்தது. 1950களில் தொடங்கி, அமெரிக்க வீடுகளில் அந்த எந்திரம் மெல்ல மெல்ல இடம் பிடித்தது.

1986ஆம் ஆண்டு கிச்சன்எய்ட், வேர்ல்பூல் கம்பெனியின் கைக்கு மாறியது. 2006ஆம் ஆண்டு, அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ் மண்டபத்தில் ஜோசபின் பெயரைச் சேர்த்தார்கள். அவர் பேட்டண்ட் பெற்று அப்போது 120 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பழைய எந்திரத்தைத் தேடுவோர்

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் பழைய கிராமபோன் பெட்டியையும் பழைய ரேடியோவையும் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். அதுபோல, அமெரிக்காவில் பழைய தட்டு கழுவும் எந்திரங்களைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள். இடிக்கப்போகும் வீடுகளிலும் பழைய சாமான் கடைகளிலும் அவர்கள் தேடுவார்கள். ஹோபர்ட் கம்பெனி செய்த பழைய கிச்சன்எய்ட் எந்திரம் கிடைத்தால், புதையல் கிடைத்தது மாதிரி மகிழ்ச்சி அடைவார்கள்.

வாங்கி வந்து அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதோடு நிற்பது இல்லை. காய்ந்து போன ரப்பர் வளையத்தை மாற்றுவார்கள். ஓடாத ஓர் எந்திரத்தில் இருந்து உறுப்பைக் கழற்றி, இன்னோர் எந்திரத்தில் பொருத்துவார்கள். பிறகு தினமும் அதிலேயே தட்டு கழுவுவார்கள்.

பழைய எந்திரத்தில் என்ன சிறப்பு? உள்தொட்டி, கனமான இரும்புத் தகட்டின்மேல் பீங்கான் பூச்சுப் பூசியது. மோட்டார் பலமானது. ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். புது எந்திரங்களில் பல, 2 மணி நேரம் ஓடுகின்றன.

குறையும் உண்டு. புது எந்திரத்துக்கு 20 லிட்டருக்கும் குறைவான தண்ணீர் போதும். பழையதற்கு அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு வேண்டும். சலவைத் தூளாலும் ஒரு தொல்லை. அந்தக் காலத் தூளில் பாஸ்பேட் என்ற ரசாயனப் பொருள் இருந்தது. அது ஆற்றையும் ஏரியையும் கெடுக்கிறது. பாசி மண்டி மீன்கள் சாகின்றன. அதனால், 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் பல மாநிலங்கள் அதற்குத் தடை போட்டன. பழைய எந்திரமோ அந்தத் தூளுக்காகச் செய்யப்பட்டது. புதுத் தூளைப் போட்டால், கண்ணாடித் தம்ளரில் வெள்ளை படிகிறது. அதைப் போக்க என்ன செய்யலாம் என்று அந்த எந்திரப் பிரியர்கள் ஓயாமல் ஆராய்ச்சி செய்கிறார்கள்.

அவர்களுடைய எந்திரத்தின் கதவைத் திறந்தால், உள்ளே கம்பிக் கூடு தெரியும். தட்டுக்கு ஓர் இடம், கோப்பைக்கு ஓர் இடம். அது மரக் கொட்டகையில் ஜோசபின் கம்பியை வளைத்துச் செய்ததன் வாரிசு.

விலை என்ன?

ஜோசபினின் கதையைப் பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். பீங்கான் தட்டு உடைந்ததாம்; எந்திரம் பிறந்ததாம். அதில் பாதிதான் உண்மை. தட்டு உடைந்தபோது பிறந்தது, யோசனை. கணவர் இறந்து கடன்காரர் வந்து நின்றபோதுதான், யோசனை எந்திரம் ஆயிற்று. பசியும் மானமும் சேர்ந்து அந்தச் சீமாட்டியைக் கொட்டகைக்கு அனுப்பின.

அவர் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் பழையது ஆகவில்லை. அடுக்களையில் ஒரு பெண் செலவிடும் நேரத்துக்கு விலை என்ன?

தட்டு கழுவும் எந்திரம் வாங்க எல்லாராலும் முடியாது. எல்லா வீட்டுக்கும் அது தேவையும் இல்லை. ஆனால், சாப்பிட்டு முடிந்ததும் தன் தட்டைத் தானே எடுத்துக் கழுவி வைக்க எந்திரம் வேண்டாம். கடனும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் ஆண்களும் பிள்ளைகளும் இன்று இரவே அதைத் தொடங்கலாம்.